‘சிக்னல்’ முடிவும் சித்தப்பா வழக்கும்: வாசகியின் கடிதத்துக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

பெயர், ஊர் எதுவும் வெளியே தெரியக் கூடாது என்ற வேண்டுகோளோடு வந்திருக்கும் கடிதம் இது. எழுதியவருக்கு வயது 31. அவருடைய சித்தப்பா மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர், கல்யாணம் ஆகாதவர். 2006ல் ஒருநாள் வாய்க்கால் கரையில் தலையில் அடிபட்டு இறந்து கிடந்தார். கொலை வழக்கு என்றுதான் பதிவு செய்தார்கள். ஒன்றிரண்டு வருடம் போலீஸ்காரர்கள் வந்து விசாரித்தார்கள், அப்புறம் வருவது நின்றுவிட்டது. “கேஸை முடிச்சாச்சு” என்று ஒரு காவலர் வாய்வார்த்தையாகச் சொன்னதோடு சரி. இன்றுவரை யாரும் கைதாகவில்லை.

சமீபத்தில் இவரும் தம்பியும் அப்பா அம்மாவும் சேர்ந்து ‘சிக்னல்’ என்ற கொரியத் தொடரின் பதினாறு பகுதிகளையும் பார்த்திருக்கிறார்கள். கடைசிப் பகுதி முடிந்ததும் வீட்டில் சண்டை வந்துவிட்டது. “இவ்வளவு நேரம் உட்கார வச்சுட்டு முடிவைச் சொல்லாம ஓடிட்டாங்க” என்று தம்பிக்குக் கோபம். “அவன் உயிரோட இருக்கானில்ல, அது போதும்” என்கிறார் அம்மா. கடைசிக் காட்சிகள் எல்லாமே சாகக் கிடப்பவன் காணும் கனவு என்று அலுவலகத் தோழி அடித்துச் சொல்கிறாராம். அப்பா மட்டும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில், “அந்த ஊர்லயே பதினஞ்சு வருஷம்தான் கணக்கு, நமக்கு அதுக்கு மேலயே ஆயிடுச்சு” என்றாராம். சித்தப்பாவோடு பணத் தகராறு வைத்திருந்த ஒருவரின் பெயரையும் படத்தையும் ஃபேஸ்புக்கில் போடப்போவதாகத் தம்பி இப்போது பிடிவாதமாக இருக்கிறார்.

வாசகி கேட்பது மூன்று. அந்த முடிவு நியாயமானதுதானா? பதினைந்து வருடம் ஓடிவிட்டால் கொலைகாரன் தப்பித்துவிடலாம் என்பது நிஜமா? எங்களுக்கு இன்னும் ஏதாவது வழி இருக்கிறதா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று ஒட்டியவை. கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் உங்கள் அப்பா அன்று காலையில் சொன்ன ஒரு வாக்கியம், ஒரு தொடரின் முடிவு ஒரு குடும்பத்தின் முடிவையே தீர்மானித்துவிடும் நிலைக்குக் கொண்டுபோயிருக்கிறது. அதனால் தொடரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் கவனிக்கவும், இனி வருவதில் கதையின் முடிவு இருக்கிறது.

அந்த முடிவைப் பற்றி

2016 ஜனவரியிலிருந்து மார்ச் வரை டிவிஎன் சேனலில் வந்த தொடர் அது. எழுதியவர் கிம் உன் ஹீ, இயக்கியவர் கிம் வோன் சோக். 2015ல் இருக்கும் பார்க் ஹே யோங் என்ற இளம் அதிகாரியின் கைக்கு ஒரு பழைய வாக்கி டாக்கி வருகிறது. இரவு 11:23க்கு அது உயிர்பெற்று, கடந்த காலத்திலிருந்து லீ ஜே ஹான் என்ற துப்பறிவாளர் பேசுகிறார். ஹே யோங்கின் மேலதிகாரி சா சூ ஹ்யோன், காணாமல் போன ஜே ஹானைப் பதினைந்து வருடமாகத் தேடிக்கொண்டிருப்பவர். கடைசிப் பகுதியில் கடந்த காலம் மாறுகிறது. கொல்லப்பட்டிருக்க வேண்டிய ஜே ஹான் பிழைத்துக்கொள்கிறார், ஆனால் மறைந்து வாழ வேண்டியதாகிறது. ஹே யோங்கும் சூ ஹ்யோனும் அவரைத் தேடி காரில் போகிறார்கள். மருத்துவமனை அறையில் ஜே ஹானைக் காட்டுகிறார்கள். மூவரும் சந்திப்பதைக் காட்டாமலேயே தொடர் முடிகிறது.

கொரியாவிலும் அந்த முடிவை ஆளுக்கொரு விதமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். கடைசிப் பகுதியின் பார்வையாளர் அளவு 12 சதவீதத்தைத் தாண்டியது. ஒரு கேபிள் சேனலுக்கு அது பெரிய எண். அவ்வளவு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த சந்திப்பு திரையில் நடக்கவில்லை என்றால் கோபம் வரத்தான் செய்யும். உங்கள் தம்பியின் கோபத்தில் தப்பில்லை.

ஆனால் உங்கள் தோழியின் கனவுக் கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. கடந்த காலம் மாறினால் நிகழ்காலமும் மாறும் என்பதை நடுவிலேயே, வெடிவிபத்தில் இறந்துபோன சூ ஹ்யோன் மறுபடி உயிரோடு வருவதை வைத்து, தொடர் சொல்லிவிட்டது. கடைசிப் பகுதி அதே விதியில்தான் நடக்கிறது. பொய்யாகப் பழி சுமத்தப்பட்டு இறந்துபோன ஹே யோங்கின் அண்ணன் திரும்பி வருவதில்லை என்பதையும் பாருங்கள். அவன்மேல் விழுந்த பழிதான் நீங்குகிறது. கனவு காண்பவன் அண்ணனை உயிரோடு கொண்டுவந்திருப்பான்.

என் பார்வையில் அந்த முடிவு நேர்மையானது. பழைய வழக்குகளோடு பழகியவள் என்பதால் இன்னும் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். தீராத வழக்கு ஒன்றைச் சுமக்கும் குடும்பத்துக்குச் சட்டம் உறுதியாகத் தரக்கூடியது தேடுகிற உரிமையைத்தான். பதில் கிடைக்கும் என்று எந்தச் சட்டமும் வாக்குக் கொடுக்காது. சூ ஹ்யோனும் ஹே யோங்கும் கடைசியில் நிற்பது அந்த இடத்தில்தான். அந்தத் தொடரை எழுதியபோது கொரியாவின் மிகப் பெரிய நிஜ வழக்கும் அதே நிலையில்தான் இருந்தது. அப்போதே எல்லாவற்றையும் முடித்து வைத்து, மூவரையும் கட்டிப்பிடிக்க வைத்துக் காட்டியிருந்தால், கொரியாவில் நிஜமாகவே காத்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அது பொய்யாகப்பட்டிருக்கும்.

பதினைந்து வருடக் கணக்கு

இது கற்பனை இல்லை. கொரியச் சட்டத்தில் கொலைக்கு வழக்குத் தொடரும் காலக்கெடு நிஜமாகவே பதினைந்து வருடமாக இருந்தது. தொடரின் முதல் வழக்கான சிறுமி கடத்தலில் கெடு முடிய மணிக்கணக்குத்தான் மிச்சம் என்று கடிகாரத்தைக் காட்டுவார்கள், அது நிஜச் சட்டத்திலிருந்து வந்த பதற்றம். 2007ல் அதை 25 வருடமாக நீட்டினார்கள். ஆனால் அதற்கு முன் நடந்த குற்றங்களுக்கு அந்த நீட்டிப்பு பொருந்தவில்லை.

1999ல் டேகு நகரத்தில் டே வான் என்ற ஆறு வயதுப் பையன்மேல் யாரோ அமிலத்தை ஊற்றினார்கள். 49 நாள் போராடி இறந்துபோனான். குற்றவாளி யாரென்று தெரியவில்லை. பெற்றோர் பதினைந்து வருடத்துக்கும் மேல் போராடினார்கள். 2015 ஜூலையில் கொரிய நாடாளுமன்றம் கொலைக்கான காலக்கெடுவையே எடுத்துவிட்டது. அந்தச் சட்டத்தை இன்றும் மக்கள் ‘டே வான் சட்டம்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அது நிறைவேறுவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் டே வானுடைய வழக்கின் கெடு முடிந்திருந்தது. கெடு முடிந்துவிட்ட வழக்குகளுக்குச் சட்டம் பொருந்தாது. எந்தப் பையனின் பெயரால் சட்டம் வந்ததோ, அவனுக்கு அது உதவவில்லை. ‘சிக்னல்’ ஒளிபரப்பானது இதற்கு ஆறு மாதம் கழித்து. அன்றைய கொரியப் பார்வையாளர்கள் எந்த மனநிலையில் அந்த முடிவைப் பார்த்திருப்பார்கள் என்பதை இதை வைத்து யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆக, உங்கள் அப்பா சொன்ன பதினைந்து வருடம் கொரியாவிலேயே இப்போது கிடையாது. இந்தியாவில் கொலைக்கு அப்படி ஒரு கெடு எப்போதும் இருந்ததில்லை. நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468ஆவது பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 514, மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும்தான் கெடு வைத்திருக்கிறது. உங்கள் சித்தப்பாவின் வழக்கில் நாளை ஒரு நல்ல ஆதாரம் கிடைத்தால், இத்தனை வருடம் ஆகிவிட்டது என்ற காரணத்தைச் சொல்லி எந்த நீதிமன்றமும் அதைத் திருப்பி அனுப்ப முடியாது.

ஹ்வாசோங்: தொடருக்குப் பின்னால் இருந்த வழக்கு

தம்பிக்கு இந்தப் பகுதியைத் தனியாகப் படித்துக் காட்டுங்கள்.

தொடரில் ‘கியோங்கி நாம்பு’ கொலைகள் என்று பெயர் மாற்றிக் காட்டுவது, 1986க்கும் 1991க்கும் நடுவில் ஹ்வாசோங் பகுதியில் நடந்த தொடர் கொலைகளை வைத்துத்தான். பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்களை விசாரித்தும் போலீஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசிக் கொலைக்கான கெடுவும் 2006ல் முடிந்துவிட்டது. தொடர் வந்து மூன்று வருடம் கழித்து, 2019ல், பாதுகாத்து வைத்திருந்த பழைய சாட்சிப் பொருள்களை மறுபடி பரிசோதித்தபோது ஒரு மரபணு பொருந்தியது. அது லீ சுன் ஜே என்பவனுடையது. மனைவியின் தங்கையை 1994ல் கொன்றதற்காக அவன் ஏற்கெனவே ஆயுள் தண்டனையில் இருந்தான். இந்தப் பத்தையும் சேர்த்துப் பதினான்கு கொலைகளை ஒப்புக்கொண்டான். கெடு முடிந்துவிட்டதால் ஹ்வாசோங் கொலைகளுக்காக அவன்மேல் வழக்குத் தொடர முடியவில்லை.

அவன் பெயர் முன்பே போலீஸ் விசாரணையில் வந்திருந்தது. கொலைகாரனின் ரத்தம் ‘பி’ வகை என்று அப்போது முடிவு கட்டியிருந்தார்கள். லீயின் ரத்தம் ‘ஓ’ வகை. விட்டுவிட்டார்கள்.

அதைவிடக் கொடுமை எட்டாவது கொலையில் நடந்தது. 1988ல் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி தன் வீட்டிலேயே கொல்லப்பட்டாள். அடுத்த வருடம் யூன் என்ற 22 வயது இளைஞரைப் பிடித்தார்கள். இளம்பிள்ளைவாதத்தால் கால் ஊனமானவர். தூங்கவிடாமல் வைத்து விசாரித்து ஒப்புதல் வாக்குமூலம் வாங்கினார்கள். நம்ப முடியாத ஒரு முடிப் பரிசோதனையையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆயுள் தண்டனை. கிட்டத்தட்ட இருபது வருடம் சிறையில் இருந்துவிட்டு 2009ல்தான் வெளியே வந்தார். அந்தக் கொலையும் தன்னுடையதுதான் என்று லீ சொன்ன பிறகு மறுவிசாரணை நடந்தது. 2020 நவம்பரில் லீயே சூவோன் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னான். டிசம்பரில் யூன் நிரபராதி என்று தீர்ப்பானது, நீதிமன்றம் அவரிடம் மன்னிப்பும் கேட்டது.

இதில் உங்கள் தம்பி கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பத்துக் கொலைகளில் அந்தக் காலத்திலேயே குற்றவாளியைக் கண்டுபிடித்து, தண்டனையும் கொடுத்து, கோப்பை மூடிய வழக்கு அந்த எட்டாவது மட்டும்தான். முப்பது வருடம் கழித்துத் தப்பு என்று தெரியவந்ததும் அதே முடிவுதான். திறந்தே கிடந்த மற்ற வழக்குகளில் உண்மை தாமதமாகவாவது வந்து சேர்ந்தது. ஊரே ஒரு பெயரைக் கேட்டு நெருக்கும்போது, கிடைத்த பெயரைப் பிடித்துக்கொள்ளும் அவசரம் போலீஸுக்கு வந்துவிடுகிறது. ஒரு தொடரின் கடைசிப் பகுதியைப் பார்த்துவிட்டு “யாரென்று சொல்லித் தொலையுங்கள்” என்று கத்துகிற மனது நமக்கும் உண்டு. திரையில் அதனால் யாருக்கும் சேதமில்லை. நிஜ வழக்கில் அதற்கு ஒருவர் இருபது வருடத்தை விலையாகக் கொடுத்தார். அந்த விசாரணையில் சந்தேகத்தின் பேரில் இழுத்துச் செல்லப்பட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களும் இருக்கிறார்கள்.

ஃபேஸ்புக் பதிவு வேண்டாம்

அந்த மனிதர் குற்றவாளியாகவே இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கையில் இருப்பது பணத் தகராறு என்ற ஒரு தகவல்தான். அதை வைத்து அவரைக் கொலைகாரர் என்று எழுதினால் அவதூறு வழக்கு வரும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. “உண்மையைத்தானே எழுதினேன்” என்று தப்பித்துவிடலாம் என்று தம்பி நினைக்கிறார். அது உண்மை என்பதையும், பொது நன்மைக்காக வெளியிட்டேன் என்பதையும் நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய பொறுப்பு அவருடையதாகிவிடும். போலீஸாலேயே நிரூபிக்க முடியாததை அவர் எப்படி நிரூபிப்பார்?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அவர்தான் குற்றவாளி என்றே வைத்துக்கொள்வோம். நாளை ஒரு சாட்சி வந்து, அன்று வாய்க்கால் பக்கம் இவரைப் பார்த்தேன் என்று அடையாளம் காட்டினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வி, “ஃபேஸ்புக்கில் வந்த படத்தைப் பார்த்துவிட்டுத்தானே சொல்கிறீர்கள்?” என்பதாகத்தான் இருக்கும். நல்ல சாட்சியும் வீணாகிவிடும். தம்பிக்கு அவர்மேல் சந்தேகம் வரக் காரணம் என்ன, யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் தேதி போட்டு எழுதிக் கையெழுத்திட்டு வைக்கச் சொல்லுங்கள். அது விசாரணை அதிகாரியிடம் போக வேண்டிய தாள்.

உங்களுக்கு இருக்கும் வழிகள்

முதலில், “கேஸை முடிச்சாச்சு” என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். காவல் நிலையத்தில் அப்படிச் சொன்னால் பெரும்பாலும் அர்த்தம், குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நீதித்துறை நடுவரிடம் இறுதி அறிக்கை கொடுத்துவிட்டார்கள் என்பதுதான். அந்த அறிக்கையை நீதிமன்றம் ஏற்பதற்கு முன் புகார் கொடுத்தவருக்கு அறிவிப்புக் கொடுத்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று 1985லேயே பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புகார் கொடுத்தது உங்கள் அப்பா என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு அப்படி எதுவும் வந்ததா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அது உங்கள் பக்கம் ஒரு வலுவான விஷயம். அறிக்கையே தாக்கல் செய்யாமல் வழக்கு விசாரணையில் இருப்பதாகவே கிடக்கவும் வாய்ப்பு உண்டு. அதுவும் தெரிய வேண்டும்.

ஆகவே முதல் வேலை, குற்ற எண்ணை வைத்து முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, இறுதி அறிக்கை ஆகியவற்றுக்கு அந்த நடுவர் நீதிமன்றத்தில் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போடுவது. குற்ற எண் தெரியாவிட்டால் காவல் நிலையத்தின் பெயரும் வருடமும் போதும், தேடி எடுக்கக் கொஞ்சம் நாளாகும்.

அடுத்தது அவசரமானது. சித்தப்பாவின் உடைகள், அங்கே கிடைத்த பொருள்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டு, அவற்றை அழிக்கக் கூடாது என்று மனுப் போட வேண்டும். ஹ்வாசோங்கில் முப்பது வருடம் கழித்து உண்மை வெளிவந்ததற்குக் காரணம், சாட்சிப் பொருள்களை யாரும் தூக்கி எறியாமல் வைத்திருந்ததுதான். 2010ல் வந்த சட்டப்படி கைதிகளின் மரபணுவைக் கொரியா சேகரிக்க ஆரம்பித்திருந்ததும் கை கொடுத்தது. நம் நீதிமன்றங்களில் பழைய வழக்குப் பொருள்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு உத்தரவு வாங்கி அழித்துவிடுவது வழக்கம். உங்கள் விஷயத்தில் ஏற்கெனவே அழித்திருக்கவும் கூடும். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இவை கைக்கு வந்த பிறகு, புதிதாக ஏதாவது இருந்தால் மேல் விசாரணை கேட்கலாம். இறுதி அறிக்கை கொடுத்த பிறகும் மேல் விசாரணை செய்ய போலீஸுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173(8), இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 193(9). மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பலன் இல்லையென்றால் நடுவர் நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றக் கேட்பதும் உயர் நீதிமன்றத்தில்தான். “மறுபடி விசாரியுங்கள்” என்று வெறுமனே கேட்டால் நடக்காது. அன்று விசாரிக்காமல் விட்ட ஆள், பரிசோதனைக்கு அனுப்பாத பொருள் என்று குறிப்பாக ஒன்றைக் காட்டியாக வேண்டும்.

செலவைப் பற்றித் தயங்கி எழுதியிருந்தீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசமாக வழக்கறிஞர் கொடுப்பார்கள். மனுவை உங்கள் பெயரில் போடுங்கள்.

இதற்கெல்லாம் பிறகும் குற்றவாளி யாரென்று தெரியாமலே போகலாம். அதைச் சொல்லாமல் உங்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பழைய கோப்பைத் திறந்தால் பிரேதப் பரிசோதனைச் சான்றின் ஒவ்வொரு வரியையும் அப்பா படிக்க வேண்டியிருக்கும். அதற்கு அவருக்குத் தெம்பு இருக்கிறதா, அவருக்கு இது வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதையும் மதியுங்கள். ஆனால் வேண்டாம் என்பதற்கு அவர் சொல்லும் காரணம் பதினைந்து வருடமாக இருந்தால், அது தப்பான காரணம். இன்றைக்கே அவரிடம் உட்கார்ந்து அதை மட்டும் சொல்லிவிடுங்கள். சம்மதித்தால், பழைய குற்ற எண் எழுதிய துண்டுச் சீட்டோ ரசீதோ வீட்டில் எங்காவது இருக்கிறதா என்று சேர்ந்து தேடுங்கள். கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், நகல் மனுவில் என்னென்ன கேட்க வேண்டும் என்று பட்டியல் போட்டு அனுப்புகிறேன்.